செத்தால்தான் எழுதுவீர்களா?

போன நோன்பில் ஒரு நாவல் படித்தேன். ஸஹர் முடிந்து தூக்கம் பிடிக்காத நேரத்தில், மாடி அறையில், கைபேசியில். ஆங்கில நாவல். பெயரைச் சொல்லிப் பயனில்லை, அந்த வகையில் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும். மற்றவள் தச்சு வேலைக்காரி; ராத்திரி ஒரு மணிக்குத்தான் அவளுக்கு இழைப்புளி பிடிக்கத் தோன்றும். பாதிப் புத்தகம் சண்டை. குப்பைத் தொட்டிக்கு, செருப்பு விடும் இடத்துக்கு, சத்தத்துக்கு. அப்புறம் ஒருத்திக்குக் காய்ச்சல் வருகிறது, மற்றவள் கஞ்சி வைத்துக் கொண்டுவருகிறாள். அப்புறம் நடக்க வேண்டியது நடக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு வாசல் வைக்கலாமா என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் சாகவில்லை. யாரையும் யாரும் அடைத்துவைக்கவில்லை. எந்த உம்மாவும் பூச்சிமருந்து பாட்டிலைக் கையில் எடுக்கவில்லை.

இலக்கியமாக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் முடித்ததும் எனக்கு வந்தது கோபம். அதுவும் நோன்பு வைத்துக்கொண்டு. இவ்வளவு சாதாரணமான ஒன்றை, ரயிலில் படித்துவிட்டு இருக்கையில் விட்டுவிட்டு இறங்கக்கூடிய ஒன்றை, என் மொழியில் நான் படித்ததே இல்லை என்பதுதான் காரணம். தமிழில் இரண்டு பெண்கள் காதலித்தால் அது செய்தி. அல்லது வழக்கு. அல்லது பிணக்கூராய்வு அறிக்கை. கதை மட்டும் கிடையாது.

அந்தச் சுவர் விஷயம்தான் என்னை ரொம்பவும் உறுத்தியது. சுவரில் வாசல் வைக்கலாமா என்று அந்த இரண்டு பேரும் பத்துப் பக்கம் யோசிக்கிறார்கள். எங்களூரில் அந்த வாசல் ஏற்கெனவே இருக்கிறது.

காயல்பட்டினத்தைப் பற்றி வெளியூர் வாசகிகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்செந்தூருக்கு வடக்கே ஏழெட்டு கிலோமீட்டரில் கடலோரம். சினிமாக் கொட்டகை இல்லாத ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். எங்களிடம் கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு. ஒரு மகளுக்கு ஒரு வீடு, அல்லது ஒரே வீட்டை இரண்டாக, மூன்றாகத் தடுத்து ஆளுக்கொரு பங்கு. கீழக்கரையிலும் இப்படித்தான். கடலைத் தாண்டினால் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இப்படித்தான். இரண்டு தெருக்களின் வீடுகள் புறங்காட்டி நிற்கிற இடத்தில் ஒரு ஒடுக்கமான சந்து ஓடும். அதுதான் முடுக்கு. ஆண்கள் தெருவில் போவார்கள், நாங்கள் முடுக்கில் போவோம். பக்கத்து வாசல் வழியாக நுழைந்து, ஒரு வீட்டின் அடுப்படியைக் கடந்து இன்னொரு வீட்டின் முற்றத்துக்குப் போய்விடலாம். தெருவில் காலே வைக்காமல் அரை ஊரைச் சுற்றிவர முடியும். சின்ன வயதில் நாங்கள் பந்தயம் வைத்துச் செய்திருக்கிறோம்.

ஆண்கள் பெரும்பாலும் வெளியூரில். முன்பு கொழும்பு, பிறகு ஹாங்காங், வளைகுடா. கொழும்புக் கடைகளுக்கு நோன்புக்கும் பெருநாளைக்கும் இடையில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில்தான் மாப்பிள்ளைகள் வந்து போவார்கள். மிச்ச மாதங்கள் முழுக்கப் பெண்களின் ஊர்.

ஆக, வீடு பெண்ணுடையது. வழி பெண்ணுடையது. பகலும் இரவும் பெண்களுடையவை. பக்கத்து வீட்டுக்காரியின் இருமல் நமக்குக் கேட்கும், நம் குழம்பு தாளிக்கிற வாடை அவளுக்குப் போகும். இரண்டு பெண்களின் காதல் கதைக்கு இதைவிடப் பொருத்தமான களத்தை யாராவது காட்டட்டும். இங்கே அப்படி ஒன்று முளைத்திருக்கவே முடியாது என்று நம்புகிறவர்களுக்கு மனித சுபாவம் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். பெண்ணெழுத்து பற்றிய கூட்டம்தான். பேசி முடித்ததும் ஒரு தோழர் எழுந்து, ரொம்பப் பரிவோடு, "உங்கள் சமூகத்துப் பெண்களுக்கு இன்னும் கல்வி, வேலை என்று எவ்வளவோ அடிப்படைப் பிரச்சினைகள் இருக்கின்றன, இது இப்போது முன்னுரிமையா?" என்றார். பரிவு என்பது சில நேரம் வாயில் பஞ்சு அடைப்பது மாதிரி. எங்கள் பெண்கள் ஆசைப்படுவதற்கு முன்னால் பட்டம் வாங்க வேண்டுமா? வரிசையில் நின்று, எழுத்தறிவு, சொத்துரிமை, மணவிலக்கு எல்லாம் முடிந்து, எங்கள் எண் வரும்போது காதலைக் கேட்க வேண்டுமா? அந்தத் தோழர் இளைஞராக இருந்தபோது காதல் கவிதை எழுதியவர். அப்போது நாட்டின் அடிப்படைப் பிரச்சினைகள் எல்லாம் தீர்ந்திருந்தன போலும்.

பேசாமல் வைத்திருப்பது என்பது வெறும் அசிரத்தை கிடையாது, அது ஒரு கொள்கை. 1921இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், பெண்களுக்கு இடையிலான உறவையும் குற்றமாக்கும் திருத்தம் ஒன்று வந்தது. கீழவை ஏற்றது, பிரபுக்கள் சபை நிராகரித்தது. கருணையால் நிராகரித்ததாக நினைக்க வேண்டாம். இப்படி ஒன்று உண்டு என்பதே பெரும்பாலான பெண்களுக்குத் தெரியாது, சட்டம் போட்டு நாமே தெரியப்படுத்திவிடக் கூடாது என்று பிரபுக்கள் பயந்தார்கள். தண்டனையைவிட மௌனம் மலிவு, பலனும் அதிகம். எங்கள் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த இலங்கையில் நேர்மாறாக நடந்தது. 1995இல் தண்டனைச் சட்டத்தின் 365ஏ பிரிவைத் திருத்தியபோது 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'நபர்' என்று மாற்றினார்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் படாதிருந்த பெண்கள் அன்று முதல் குற்றவாளிகள். பாலினச் சமத்துவம் எங்களுக்குச் சீக்கிரமாக வந்து சேர்ந்த இடம் அது ஒன்றுதான்.

இப்போது முடிவுகளைப் பார்ப்போம். 1952இல் அமெரிக்காவில் மரிஜேன் மீக்கர் என்பவர் வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற மலிவுவிலை நாவலை எழுதினார். கல்லூரி விடுதியில் இரண்டு பெண்கள். பதிப்பாசிரியர் ஒரு நிபந்தனை வைத்தார்: முடிவு மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது. இருந்தால் அஞ்சல் துறை ஆபாசம் என்று புத்தகக் கட்டுகளைப் பறிமுதல் செய்துவிடும். ஆகவே ஒருத்திக்குப் பைத்தியம் பிடித்தது, இன்னொருத்தி தான் காதலிக்கவே இல்லை என்று தெளிந்தாள். அதே ஆண்டில் பட்ரீஷியா ஹைஸ்மித் கிளேர் மார்கன் என்ற பெயரில் 'த பிரைஸ் ஆஃப் சால்ட்' எழுதினார். அதில் இரண்டு பெண்களும் உயிரோடு, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கிற இடத்தில் கதை நிற்கிறது. அதற்காகவே வாசகிகள் பல ஆண்டுகள் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே அஞ்சல் துறை இருந்தது. இங்கே யார்? தமிழில், இந்திய மொழிகளில், எந்தச் சட்டமும் இந்த முடிவைக் கட்டாயப்படுத்தவில்லை. நாமேதான் கட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டோம். மலையாளத்தில் வி. டி. நந்தகுமாரின் 'ரண்டு பெண்குட்டிகள்' 1974இலேயே வந்தது; கடைசியில் இருவரையும் ஆண்களிடம் சேர்த்துவிட்டு, அது ஒரு பருவம், கடந்து போய்விட்டது என்றது. பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்லா' 1986. பள்ளிச் சுற்றுலாவிலிருந்து ஓடிப்போன இரண்டு சிறுமிகளும் இறந்துதான் போகிறார்கள். அழகான படம், நான் அழுதிருக்கிறேன். அழுதுகொண்டே இருக்கத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி. மாதவிக்குட்டியின் 'சந்தன மரங்கள்' 1988இல் வந்தது. அதிலும் இரு பெண்களுக்கு ஒரு கூரை வாய்க்கவில்லை. (அதே மாதவிக்குட்டி 1999இல் இஸ்லாத்தைத் தழுவி கமலா சுரையா ஆனபோது, அவரை எங்கள் ஆளாகக் கொண்டாடியவர்கள் அந்தக் குறுநாவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.)

முஸ்லிம் வீட்டு உள்ளறையில் நடக்கிற கதை என்று கேட்டால் எல்லோரும் உடனே சொல்வது இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்'. 1942. கணவனால் ஒதுக்கப்பட்ட பேகம் ஜான், அவளுக்கு உடம்பு பிடித்துவிடும் ரப்பு, இரவில் சுவரில் யானையைப் போல அசையும் போர்வையின் நிழல். லாகூரில் ஆபாச வழக்கு நடந்தது. சாட்சிகளால் ஆபாசமான ஒரு சொல்லைக்கூட எடுத்துக்காட்ட முடியவில்லை, வழக்கு நிற்கவில்லை. இஸ்மத் ஆபாவின் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கதையை மறுபடியும் படித்துப் பாருங்கள். சொல்கிறவள் ஒரு சிறுமி, பயந்துபோன சிறுமி. போர்வைக்கு உள்ளே நடப்பது அவளுக்குப் பேய்க்கதை. பேகம் ஜானின் ஆசைக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது: நவாபுக்குப் பையன்கள் மேல் நாட்டம், அதனால் அவளுக்கு ரப்பு. ஆண் சரியாக இருந்திருந்தால் போர்வை அசைந்திருக்காது என்ற தர்க்கம் எண்பது ஆண்டுகளாக நம்மைப் பிடித்து ஆட்டுகிறது. தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்திலும் அதே தர்க்கம்தான். ஒரு கணவன் பிரம்மச்சாரி, இன்னொரு கணவனுக்கு வேறொருத்தி. எனவே ராதாவும் சீதாவும்.

'ஃபயர்' பற்றி இன்னொன்று. 1998 டிசம்பரில் சிவசேனைக்காரர்கள் திரையரங்குகளை அடித்து நொறுக்கியபோது, பாத்திரங்களுக்கு ராதா, சீதா என்று ஏன் பெயர், முஸ்லிம் பெயர்களாக வைத்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் பால் தாக்கரே பேசினார். அவர்களுக்கு எங்கள் பெண்களைப் பற்றி எழுதினால் ஆட்சேபமில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பெண்களைப் பற்றி எழுதினால் ஆட்சேபமில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து, அது பக்கத்து வீட்டில் நடப்பது என்று கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்ற தலைப்பில் நான் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நான் ஆலிமா இல்லை, ஃபத்வா சொல்ல வரவில்லை. ஐந்து வேளை தொழுகிறேன், இதையும் எழுதுகிறேன். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய இடம் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். மஹர் கொடுப்பது ஆணின் கடமை என்று மார்க்கம் தெளிவாகச் சொல்கிறது. எங்களூரில் பெண்ணைப் பெற்றவர் வீட்டையே கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாலு மகள்கள் உள்ள வாப்பா நாற்பது வருடம் கடல் கடந்து உழைத்து, நாலு கூரை போட்டுவிட்டு, கடைசியில் தனக்கு ஊரில் ஒரு கட்டில் இல்லாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு எந்த வசனத்தில் ஆதாரம்? யாரும் மேடையேறிக் கேட்கவில்லை. வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். மார்க்கத்தை விட்டு விலகுவதில் ஊர் காட்டும் தாராளம் எப்போதும் ஆண்களுக்குச் செலவு குறைகிற திசையிலேயே இருப்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

அந்த வீட்டைப் பற்றி வெளியே இருந்து வருகிற ஆய்வாளர்கள் ரொம்பவும் பூரிக்கிறார்கள். தாய்வழி வீடு, பெண்களின் சொத்து, பெண்களின் பாதை. பூரிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாமியார் வீட்டில் அடி வாங்கி நடுராத்திரியில் தெருவில் நிற்கிற நிலைமை எங்களுக்குக் குறைவு, ஏனென்றால் வீடு எங்கள் உம்மாவுடையது. ஆனால் பத்திரத்தில் பெயர் இருக்கிறவளுக்கு அந்த வீட்டில் யார் தங்கலாம் என்று சொல்கிற அதிகாரம் உண்டா? வருடத்தில் ஒரு மாதம் வந்து போகிறவருக்கு முன்கட்டு அறை, மெத்தை, விருந்து. பதினொரு மாதம் கூட இருக்கிறவளுக்குப் பக்கத்து வாசல்.

என் உம்மாவின் தலைமுறையில் எங்கள் முடுக்கில் இரண்டு பேர் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், தெருவும் சொல்ல மாட்டேன். ஒருத்தரின் மாப்பிள்ளை கொழும்பில், மற்றவருடையவர் ஹாங்காங்கில். ஒருத்தர் கறாரானவர், அரிசி அளக்கும்போதுகூட உழக்கின் விளிம்பை விரலால் வழித்துவிடுவார். மற்றவர் எதையும் அள்ளித்தான் போடுவார். இரண்டு பேருக்கும் இதனாலேயே நாள் தவறாமல் வாய்ச்சண்டை நடக்கும். ராத்திரி இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள வாசலைத் திறந்துவைத்து, அந்த நிலைப்படியை ஒட்டி ஒரே பாயில் படுப்பார்கள். இருபது வருடம். ஊர் அவர்களைக் கூட்டாளிகள் என்றது. நல்ல சொல், நானும் சொல்வேன், "கூட்டாளி ராத்தா" என்றுதான் கூப்பிட்டேன்.

கறாரானவரின் மாப்பிள்ளை மவுத்தானபோது அவர் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கூட்டிப் பார்த்தால் அந்த மனிதரோடு அவர் மூன்று வருடம் சேர்ந்து இருந்திருப்பாரா என்பதே சந்தேகம். கணவனுக்கு நாலு மாதம் பத்து நாள், மற்ற யாருக்கும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது. அதுதான் கணக்கு. ஏழு வருடம் கழித்து, அள்ளிப் போடுகிறவர் போனார். நாலாம் நாள் காலையில் இவர் எழுந்து, முகம் கழுவி, வழக்கம்போல அரிசி அளந்தார். உழக்கை வழிக்கவில்லை. அதை என் உம்மா கவனித்திருக்கிறார். "அவளுக்குக் கை மறந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. லெஸ்பியன் என்று நான் பட்டம் கட்டினால் இரண்டு பேரும் கபுரிலிருந்து எழுந்து வந்து என் காதைத் திருகுவார்கள். ஆனால் 'வெறும் தோழிகள்' என்று நீங்கள் பட்டம் கட்டுவதற்கு மட்டும் எங்கிருந்து அதிகாரம் வந்தது? 'வெறும்' என்ற அந்த ஒரு சொல் அந்தப் பெண்ணுக்கு மூன்று நாளுக்கு மேல் அழ இடம் கொடுக்கவில்லை. ஒரு நல்ல நாவல் இருந்திருந்தால், யாரும் யாருக்கும் பட்டம் கட்டாமலே, அந்த நிலைப்படியும் அந்த உழக்கும் ஒரு பெயரைப் பெற்றிருக்கும்.

தமிழில் தோழிக்கு என்ன பஞ்சம்? சங்க அகப்பாட்டிலிருந்து தொடங்குகிறது. தலைவியின் தலைவாரி, தூது போய், செவிலியைச் சமாளித்து, இரவுக்குறிக்கு வழி சொல்லி, எல்லாம் தோழிதான். அவளுக்கென்று ஒரு ஆசை உண்டா என்று இரண்டாயிரம் வருடமாக யாரும் கேட்கவில்லை. அயல்வீட்டார் வேலை இன்னும் மோசம், அவர்கள் அலர் தூற்ற வேண்டும். ஆனால் குறுந்தொகையில் நல்ல வாக்குச் சொன்ன அயலிலாட்டியைத் தலைவி மனம் குளிர வாழ்த்துகிற பாட்டும் உண்டு. அயலிலாட்டி! பக்கத்து வீட்டுக்காரிக்கு என்றே ஒரு சொல் நம்மிடம் அப்போதே இருந்திருக்கிறது. அவள் கொண்டுவருகிற நல்ல செய்தி மட்டும் எப்போதும் ஓர் ஆணைப் பற்றியதாகவே இருக்கிறது.

நம் காலத்திலும் பெண்கள் எழுதாமல் இல்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தபோது, முஸ்லிம் வீட்டின் உள்ளறைகளில் பெண்கள் தங்களுக்குள் எதையெல்லாம் பேசுகிறார்கள் என்று தமிழ் வாசகர்களுக்கு முதல்முறையாகக் கேட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால் சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி எல்லோரும் உடலைப் பற்றி எழுதினார்கள் என்பதற்காக வாங்கிக்கட்டிக்கொண்ட வசைகளை மூத்த வாசகிகள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் திறந்த வாசல் வழியாகத்தான் நான் இந்தக் கட்டுரைக்குள்ளேயே வந்திருக்கிறேன். ஆனால் அந்த எழுத்தின் பெருந்துயரம் நம்மை ஒரு பழக்கத்துக்கு ஆளாக்கிவிட்டது. முஸ்லிம் பெண் என்றால் துன்பம். தன்பாலீர்ப்பு என்றால் துன்பம். இரண்டும் சேர்ந்தால் இரட்டைத் துன்பம், விருதுக்கு ஏற்ற சரக்கு. என் இளம் உறவுக்காரி ஒருத்தி எழுதிய கதையை ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பியது. அதில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் காதலித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, கடைசியில் மீன் வாங்கப் போகிறார்கள். "மோதல் போதவில்லை, சமூக யதார்த்தம் இல்லை" என்று பதில். யாராவது தூக்கு மாட்டியிருந்தால் யதார்த்தம் போதியிருக்கும்.

யதார்த்தம் எனக்குத் தெரியாததா? 2008இல் சென்னையில் குடும்பத்தார் பிரித்துவைத்த இரண்டு பெண்கள் ஒன்றாகத் தீக்குளித்து இறந்தார்கள். கேரளத்தில் அடுத்தடுத்து நடந்த இப்படிப்பட்ட சாவுகளின் பின்னணியில்தான் 'சகயாத்ரிகா' என்ற அமைப்பு பிறந்தது. அவர்களுக்காக அழுதோம், எழுதினோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கிறவர்களும் யதார்த்தத்தில் சேர்த்தி. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம் பெண்கள் உயர் நீதிமன்றத்தில் போய் நின்றார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7 அன்று 'மாற்றும் சிகிச்சை' என்கிற கொடுமைக்குத் தடை போட்டார். ஒரு நீதிபதி மாணவராகிவிட முடிகிறது, நம் பதிப்பாளர்களுக்கு முடியவில்லை. சவூதியில் பள்ளிப் பிள்ளைகளாகப் பழகிய ஆதிலா நஸ்ரினும் பாத்திமா நூராவும் 2022 மே மாதம் கேரள உயர் நீதிமன்றத்தின் வழியாக ஒருவரை ஒருவர் அடைந்தார்கள். இரண்டும் முஸ்லிம் குடும்பங்கள், இரண்டும் வளைகுடாக் குடும்பங்கள். எங்கள் முடுக்குகளில் அந்தச் செய்தி எத்தனை கைபேசிகளில் சத்தமில்லாமல் ஓடியது என்பது எனக்குத் தெரியும். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் பெற்றோரின் பிடியிலிருந்து ஒரு பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் திருமண உரிமையை மறுத்துவிட்டிருந்த நிலையில் இது சின்ன விஷயம் இல்லை.

சட்டம் முன்னால் போய்விட்டது, கதை பின்னால் நொண்டுகிறது. நீதிமன்றம் அந்தப் பெண்களைச் சேர்ந்து வாழ விட்டது. சரி. வாழப் போன இடத்தில் யார் பாத்திரம் கழுவுவது? இங்கேதான் எனக்கு அந்தப் பொருந்தாத அண்டை வீட்டார் கதை தேவைப்படுகிறது.

காதல் நாவல் என்றதும் நம் பெண்ணியவாதிகள் மூக்கைச் சுளிப்பார்கள். ரமணிசந்திரனைப் படிக்கிற பெண்களைப் பற்றி நாம் சொல்லாத கேலியா? எங்கள் முடுக்கில் அந்தப் புத்தகங்கள் அட்டை கிழிந்து, நடுப்பக்கம் தொலைந்து, வீடு வீடாகப் போகும். முடிவு எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் படிப்பார்கள். நல்லபடியாக முடியும் என்ற உத்தரவாதத்தில்தான் ஒரு பெண் நடுவில் உள்ள அவமானத்தையும் சண்டையையும் தைரியமாக உற்றுப் பார்க்கிறாள். அந்த நாவல்களோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. முரட்டு நாயகன் அவளை அவமதிப்பதை அவை அன்பின் முன்னோட்டமாக ஆக்குகின்றன. எலியும் பூனையுமாக இருக்கிற இருவரும் கடைசியில் ஒன்றுசேரும்போது விட்டுக்கொடுத்தது யார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணவே வேண்டியதில்லை, ஊர் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறது. "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." வீடு பெண்ணுடையதாக இருக்கிற எங்களூரிலும் அனுசரிக்கிறவள் அவள்தான்.

இரண்டு பெண்கள் பொருந்தாமல் போனால், யார் அனுசரிப்பது என்று ஊரிடம் விடை இல்லை. வழக்கம் இல்லை, பழமொழி இல்லை, மாமி சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை. உழக்கை வழிக்கிறவளும் அள்ளிப் போடுகிறவளும் தாங்களாகவே பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒருத்தியை மற்றொருத்தி அறைந்தால் அது அறைதான், அதை உரிமை என்றோ ஊடல் என்றோ எந்த வாசகியும் மயங்க மாட்டாள். ஆகவே அப்படி ஒரு நாவல் எங்கள் எல்லோருக்கும் வேண்டும். மாப்பிள்ளையோடு நல்லபடியாக வாழ்கிற என் தங்கைக்கும்தான் சொல்கிறேன். இரண்டு பேர் சமமாக நின்று சண்டை போட்டு, சமமாகச் சமாதானமாவது எப்படி என்று அவளுக்குக் காட்டுகிற ஒரு காட்சியும் அவள் படிக்கிற எதிலும் இல்லை. 2025இல் வந்த 'காதல் என்பது பொதுவுடைமை' படத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதிலும் பேச்செல்லாம் அம்மா ஏற்பாளா, அப்பா ஏற்பாரா என்பதைச் சுற்றியே. அனுமதி கிடைத்த மறுநாள் காலையில் இருந்து யாராவது தொடங்குங்கள்.

தூத்துக்குடிக் கரையில் பொருத்தமின்மைக்கும் பஞ்சமில்லை. மேல்நாட்டு நாவலில் ஒருத்தி சுத்தக்காரி, ஒருத்தி அலங்கோலம், அவ்வளவுதான் பொருத்தமின்மை. எங்களுக்கு முத்துக்குளியலில் தொடங்குகிறது. 1530களில் முத்துச் சலாபத்தை வைத்து முஸ்லிம்களுக்கும் பரதவர்களுக்கும் மூண்ட சண்டையில்தான் போர்ச்சுகீசியர் உள்ளே வந்தார்கள், பரதவர்கள் ஊர் ஊராகக் கத்தோலிக்கரானார்கள். சலாபம் 1961க்குப் பிறகு நடக்கவில்லை, சிப்பியும் போய்விட்டது. எங்களூர்க் கடற்கரையை ஒட்டியே கொம்புத்துறை இருக்கிறது, சிங்கித்துறை இருக்கிறது. மாதா கோயில் மணியும் பாங்கு சத்தமும் ஒரே காற்றில் வரும். மீன் அங்கிருந்து வருகிறது. அது தவிரப் போக்குவரத்து குறைவு. கொம்புத்துறைக்காரி ஒருத்தி நர்ஸாகவோ டீச்சராகவோ வேலை கிடைத்து, எங்கள் முடுக்கில் மாடிக் குடித்தனம் கேட்டு வந்தால் வீட்டுக்காரம்மா என்னென்ன கேட்பார் என்று எனக்கு மனப்பாடம். அவள் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பாள், யார் வந்து போவார்கள், எத்தனை மணிக்குக் கதவு சாத்துவாள். கேட்கிறவரின் மகள், முப்பத்திரண்டு வயது, மாப்பிள்ளை துபாயில் இன்னொரு குடும்பம் வைத்துவிட்டதால் தனியாக இருக்கிறவள், உள்வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை சரியில்லாததால் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை, இவளைப் பிடித்திருக்கிறது, அவ்வளவே.

முதல் அத்தியாயத்துக்குச் சண்டை வேண்டுமென்றால், எங்கள் முடுக்கில் தண்ணீர் வாட்டம் வடக்கே. மாடியில் துணி துவைத்தால் சோப்பு நுரை நேராகக் கீழ்வீட்டுப் பக்கத்து வாசலில்தான் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை காலையில், வாசலைக் கழுவி முடித்த அரை மணி நேரத்தில்.